மருந்தைத் தேடினால் உப்பு வருகிறது

வாசகர் கேள்வி – பதில்

பப்கெம், கெம்பிள் போன்ற இணைய மருந்து இரசாயனத் தரவுத்தளங்களில் தேடும்போது வரும் சிக்கல்கள் பற்றி யாழ்ப்பாண வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். பெயர்களையும் குறியீடுகளையும் இங்கே தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறோம். தேடுபெட்டியில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

பெட்டியில் இருக்கும் வணிகப் பெயரைப் பப்கெம்மில் தட்டினால் சிலவற்றுக்கு ஒன்றுமே வருவதில்லை. சிலவற்றுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ வருகிறது. எங்கே பிழை?
— மருந்தக உதவியாளர், சுன்னாகம்

பப்கெம் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் கீழ் 2004 முதல் இயங்குகிறது. அதிலுள்ள பெயர்கள் உலகெங்குமுள்ள தரவு வழங்குநர்கள் அனுப்பியவை. இங்கே விற்பனையாகும் ஒரு வணிகப் பெயரை ஒருவரும் அனுப்பியிராவிட்டால் அது அங்கே இருக்காது. இரண்டு நாடுகளில் ஒரே வணிகப் பெயர் இரண்டு வேறு மருந்துகளுக்கு இருப்பதும் உண்டு. ஒன்றும் வராததைவிட இது மோசம். ஆகவே வணிகப் பெயரை விடுங்கள். பெட்டியில் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரைத் தட்டுங்கள். பொதுப்பெயரில் மருந்து வழங்கும் இலங்கையின் கொள்கையை வகுத்த பேராசிரியர் சேனக பிபிலே மன்றாடியதும் அந்தச் சிறிய எழுத்துக்காகத்தான்.

பொதுப்பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. நாங்கள் பழகியது பிரித்தானிய வழக்கு. பரசிற்றமோல் அமெரிக்காவில் அசெற்றமினோபன். சல்பியூற்றமோல் அங்கே அல்பியூற்றெரோல். கிளிபென்கிளமைட் அங்கே கிளைபியூரைட். பெதிடின் அங்கே மெபெரிடின். பப்கெம்மில் எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரே பக்கத்துக்குப் போவீர்கள் (பப்கெம் ஒவ்வொரு சேர்வைக்கும் கொடுக்கும் பதிவு எண்ணான சீ.ஐ.டி. பரசிற்றமோலுக்கு 1983). கெம்பிளில் தேடுபெட்டி அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் அங்கிருந்து அட்டவணையைத் தரவிறக்கி எக்செலில் 'பரசிற்றமோல்' என்று வடிகட்டினால் ஒரு வரியும் அகப்படாது, ஏனெனில் முதன்மைப் பெயர் நிரலில் அசெற்றமினோபன் என்றே இருக்கிறது.

பழைய எழுத்துக்கூட்டலும் காலை வாரும். 'புரூசமைட்' இன்று 'பியூரோசமைட்'. 'லிக்னோகெயின்' இன்று 'லிடோகெயின்'. சல்பேற்றில் 'பீ-எச்' போய் 'எப்' வந்துவிட்டது. 'பிரிற்றன்' என்ற ஒவ்வாமை மாத்திரையைத் தேடுவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: குளோர்பெனிரமின் மெலியேற்றில் இருப்பது மெலியிக் அமிலத்தின் உப்பு. ஆங்கிலத்தில் ஒரு 'ஈ' விடுபட்டால் அது அப்பிள் பழத்தின் மலிக் அமில உப்பாகிவிடும். கணினி அதை எழுத்துப்பிழை என்று பார்க்காது, வேறு பொருள் என்றே எடுத்துக்கொள்ளும்.

மெட்போமினின் மூலக்கூற்றுத் திணிவு ஒரு பக்கத்தில் 129.16, இன்னொரு பக்கத்தில் 165.62. ஆய்வுகூடக் கணக்குக்கு எதை எடுப்பது?
— மருந்தாக்கவியல் மாணவி, திருநெல்வேலி

இரண்டும் சரி, இரண்டும் வேறு பொருள்கள். 129.16 தனி மெட்போமின், சீ.ஐ.டி. 4091. 165.62 அதன் உப்பான மெட்போமின் ஐதரோகுளோரைட்டு, சீ.ஐ.டி. 14219. எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்தில்தான் வந்து முடிகின்றன. எனவே இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம்.

விடை உங்கள் மேசையில் இருக்கும் போத்தலின் லேபிளில் இருக்கிறது. அதில் ஐதரோகுளோரைட்டு என்றிருந்தால் 165.62ஐ எடுங்கள். 100 மில்லிலீற்றரில் 1 மில்லிமோலர் கரைசல் தயாரிக்க 16.56 மில்லிகிராம் நிறுக்க வேண்டும். பெயரைத் தட்டியதும் முதலில் வந்த பக்கத்தை நம்பி 129.16ஐ எடுத்தால் 12.92 மில்லிகிராம்தான் நிறுப்பீர்கள். கரைசல் 0.78 மில்லிமோலர் ஆகிவிடும், அதாவது 22 சதவீதம் குறைவு. நியம வளைகோடு நேராகத்தான் வரும், தொடர்புக் குணகமும் அழகாக இருக்கும், விடை மட்டும் பிழை. வளைகோட்டைப் பார்த்து இந்தப் பிழையைப் பிடிக்க முடியாது.

மாத்திரைக்கு வந்தால் இன்னொரு முடிச்சு இருக்கிறது. லேபிளில் உள்ள மில்லிகிராம் உப்பின் அளவா, தனி மருந்தின் அளவா என்பது மருந்துக்கு மருந்து மாறும். மெட்போமின் 500 என்பது வழக்கமாக உப்பின் நிறை. அதில் தனி மெட்போமின் 390 மில்லிகிராம். அமொக்சிசிலின் 500 நேர்மாறு: அது தனி அமொக்சிசிலினின் அளவு. உறைக்குள் இருப்பது மூவைதரேற்று. திணிவுகள் 365.4, 419.4 என்பதால் உள்ளே ஏறத்தாழ 574 மில்லிகிராம் மூவைதரேற்று இருக்க வேண்டும். சல்பியூற்றமோல் சல்பேற்றில் ஒரு சல்பேற்றுக்கு இரண்டு சல்பியூற்றமோல் மூலக்கூறுகள். பக்கத்தில் காணும் 576.7ஐ நேரே 239.3ஆல் பிரித்தால் 2.4 வரும், சரியான காரணி அதில் பாதி, 1.205. 2 மில்லிகிராம் மாத்திரையில் சல்பேற்று 2.4 மில்லிகிராம்.

நிற்கும் பக்கம் உப்பினுடையதா என்று அறிய, மூலக்கூற்றின் அமைப்பை ஒரே வரியில் எழுத்துகளால் காட்டும் ஸ்மைல்ஸ் குறியீட்டைப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. பப்கெம்மின் உப்புப் பக்கத்தில் 'பேரன்ற் கொம்பவுண்ட்' என்றொரு வரியும் உண்டு. அதைச் சொடுக்கினால் தனி மருந்துக்குப் போகலாம். நிறுப்பதற்கு உப்பின் பக்கம். உயிரியற் செயற்பாட்டுத் தரவுக்கும் கணினி மாதிரிக்கும் தனி மருந்தின் பக்கம்.

சேர்வையை அடையாளம் காட்டும் கேஸ் பதிவு இலக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டியும் 'கிடைக்கவில்லை' என்கிறது.
— ஆசிரியர், சாவகச்சேரி

தட்டினீர்களா, ஒட்டினீர்களா? பி.டி.எப். கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தால் நடுவிலுள்ள கோடு சந்தேகத்துக்குரியது. அச்சில் அழகுக்காகப் போடும் நீண்ட கோடு, விசைப்பலகையின் சிறுகோடு அல்ல. கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினிக்கு இரண்டும் வேறு. இரண்டு கோடுகளையும் அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் நீக்குங்கள்.

எக்செலில் பட்டியல் வைத்திருப்போருக்கு: கஃபீனின் இலக்கம் 58-08-2. சில கணினி அமைப்புகளில் எக்செல் இதை 1958 ஆகஸ்ட் 2 என்று திகதியாக மாற்றிவிடும். எண்களை ஒட்டுவதற்கு முன்பே அந்த நிரலை 'ரெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். திகதியான பின் மாற்றினால் ஐந்து இலக்கத்தில் வேறொரு எண் வந்து நிற்கும்.

இலக்கம் சரிதானா என்பதைத் தாளிலேயே சோதிக்கலாம். கடைசி இலக்கம் சோதனை இலக்கம். அதை விட்டு, மீதியை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். பரசிற்றமோலின் 103-90-2ஐ எடுத்தால் 0×1, 9×2, 3×3, 0×4, 1×5, கூட்டுத்தொகை 32. அதன் கடைசி இலக்கம் 2, பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எங்கோ ஓர் இலக்கம் தவறியிருக்கிறது. பொருந்திவிட்டது என்பதற்காக அது நீங்கள் தேடும் பொருள் என்றாகிவிடாது; உப்புக்கு ஒன்று, தனி மருந்துக்கு ஒன்று என இங்கேயும் இலக்கங்கள் வேறு. கேஸ் நிறுவனத்தின் 'கொமன் கெமிஸ்ற்றி' என்ற இலவசத் தளத்தில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

கட்டமைப்பை வரைந்து தேடினால் ஒன்றில் பூச்சியம், அல்லது இலட்சக்கணக்கில். இடையில் ஒன்றும் இல்லையா?
— பட்டதாரி மாணவர், கொக்குவில்

முதலில் எந்தத் தேடலில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். 'சப்ஸ்ற்றக்சர்' என்றால் நீங்கள் வரைந்தது விடைக்குள் அடங்கியிருக்க வேண்டும். 'சூப்பர்ஸ்ற்றக்சர்' என்றால் விடை நீங்கள் வரைந்ததற்குள் அடங்கியிருக்க வேண்டும். முழு மருந்தையும் அதன் சோடியம் உப்போடு வரைந்து முதலாவதில் போட்டால் விடை மிகச் சிலவே. வெறும் பென்சீன் வளையத்தைப் போட்டால் வெள்ளம். ஒத்த சேர்வைகள்தான் தேவையென்றால் 'சிமிலாரிற்றி'க்குப் போங்கள். பப்கெம்மில் அதன் இயல்பான எல்லை 90 சதவீதம். சிறிய மூலக்கூறுகளில் ஓர் அணு மாறினாலே அந்த எல்லைக்குக் கீழே போய்விடக்கூடும். 80க்கு இறக்கிப் பாருங்கள்.

அடுத்து வரைபு. அஸ்பிரினை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரைகருவியில் கோட்டின் வெறும் முனை ஒவ்வொன்றும் ஒரு மெதைல் கூட்டம். சுட்டி தவறி விழுந்த ஒரு சிறு கோடு ஒரு காபனையும் இரண்டு ஐதரசனையும் கூட்டிவிடும். வரைந்து முடிந்ததும் சூத்திரத்தைப் பாருங்கள்: காபன் 9, ஐதரசன் 8, ஒட்சிசன் 4, திணிவு 180.16. 194.18 என்று காட்டினால் அந்தக் கோட்டைத் தேடிப் பிடியுங்கள்.

சூத்திரம் பொருந்தினாலும் வேலை முடியவில்லை. அசெற்றொட்சிக் கூட்டத்தை வளையத்தில் ஓர் இடம் தள்ளிப் போட்டிருந்தால் சூத்திரமும் திணிவும் அப்படியே இருக்கும், சேர்வை மட்டும் அஸ்பிரின் அல்ல. கோப்பியில் உள்ள கஃபெயிக் அமிலத்துக்கும் இதே சூத்திரம்தான். இங்கே கைகொடுப்பது இன்ச்சி-கீ, அதாவது மூலக்கூற்றின் அமைப்பிலிருந்து கணினி ஆக்கும் அடையாளக் குறி. அது 14, 10, 1 என்று மூன்று துண்டாக மொத்தம் 25 எழுத்துகள். இடையில் இரண்டு சிறுகோடுகள். முதல் 14 எழுத்தும் அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைக் குறிக்கும். உங்கள் வரைபின் முதல் 14ஐ அஸ்பிரின் பக்கத்திலுள்ளதோடு ஒப்பிட்டால் ஓர் இடம் தள்ளியதும் அகப்பட்டுவிடும்.

இரண்டாவது துண்டில் முப்பரிமாண அமைப்பு இருக்கிறது. செற்றிரிசினுக்கும் லீவோசெற்றிரிசினுக்கும் முதல் 14 எழுத்தும் ஒன்று, அடுத்த 10 வேறு. 'யூ-எச்-எப்-எப்-எப்-ஏ-ஓ-வை-எஸ்-ஏ' என்று வந்தால் முப்பரிமாணத் தகவல் எதுவும் குறிக்கப்படவில்லை என்று பொருள். லீவோ மருந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது அது வந்தால் முப்பரிமாணத் திசையைக் காட்டும் ஆப்பு வடிவப் பிணைப்பை வரைய மறந்திருக்கிறீர்கள்.

ஸ்மைல்ஸைக் கையால் எழுதுவோருக்கு: பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் உண்டு. பெரிய 'சீ', பெரிய 'ஓ' என்றால் மெதனோல். சதுர அடைப்புக்குள் பெரிய 'சீ', சிறிய 'ஓ' என்றால் கோபாற்று. வளையத்தைத் திறந்த எண் ஒவ்வொன்றும் மூடப்பட வேண்டும். மும்மைப் பிணைப்பின் 'ஹாஷ்' குறியை இணைய முகவரிக்குள் நேரே போட்டால் உலாவி அதற்கப்பால் உள்ளதை அனுப்பாது. அதற்குப் பதிலாக %23 என்று எழுதுங்கள்.

இந்தப் பக்கங்களில் நோயாளிக்குக் கொடுக்கும் அளவைப் பார்க்கலாமா?
— மானிப்பாய்

கூடாது. நச்சியல் பகுதியில் காணும் கிலோகிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண்கள் பெரும்பாலும் எலிக்கும் சுண்டெலிக்கும் உரியவை. அவற்றை மனித நிறையால் பெருக்கிக் கிடைப்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. அளவுக்குப் பி.என்.எப். போன்ற மருந்துக் கையேட்டைப் பாருங்கள், அல்லது மருந்தாளரைக் கேளுங்கள்.

மஞ்சளின் குர்குமினுக்கு ஏன் இத்தனை பதிவுகள்? சில பதிவுகளில் உயிரியற் சோதனைகள் குவிந்திருக்கின்றன, சிலவற்றில் ஒன்றுமில்லை.
— சித்த மருத்துவ மாணவி, கைதடி

குர்குமினின் நடுப்பகுதி கீற்றோ வடிவிலும் ஈனோல் வடிவிலும் இருக்கும். கரைசலில் ஒன்று மற்றதாக மாறிக்கொண்டேயிருக்கும், பெரும்பாலான கரைப்பான்களில் ஈனோலே மிகுதி. மனிதருக்கு ஒரே குர்குமின். இன்ச்சி-கீக்கு அடிப்படையான நியம இன்ச்சியோ கீற்றோ–ஈனோல் மாற்றத்தை ஒன்றாகக் கணிப்பதில்லை. முதல் 14 எழுத்தே வேறாகிவிடும். இதோடு இரட்டைப் பிணைப்பின் சிஸ், திரான்ஸ் அமைப்பைக் குறிக்காமல் வரைந்தோரின் பதிவுகள் வேறு. சீ.ஐ.டி. 969516இல் தொடங்குங்கள். அங்கிருந்து 'தொடர்புடைய சேர்வைகள்' பகுதிக்குப் போய் மற்ற வடிவங்களின் சோதனைத் தரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பதிவை மட்டும் பார்த்து 'தரவு இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

கடையில் வாங்கும் 'குர்குமின்' பெரும்பாலும் மூன்று பொருள்களின் கலவை: குர்குமின் (368.38), ஒரு மெதொட்சி குறைந்தது (338.35), இரண்டும் குறைந்தது (308.33). ஆய்வுக் கட்டுரை எதைச் சோதித்தது என்பதைச் செய்முறைப் பகுதியில் பார்க்க வேண்டும். குவிந்து கிடக்கும் 'செயற்படுகிறது' என்ற முடிவுகளையும் அப்படியே விழுங்க வேண்டாம். குர்குமின் ஒளிரும், புரதங்களோடு கண்டபடி ஒட்டும், சோதனைக் கரைசலிலேயே சிதையும். எந்தச் சோதனையில் போட்டாலும் 'ஆம்' என்று தலையாட்டும் சேர்வைகளில் ஒன்றாகவே மருந்து இரசாயனர் அதைக் கருதுகிறார்கள். மஞ்சளுக்கு மருத்துவ குணம் இல்லை என்பதல்ல இதன் பொருள். அந்தச் சோதனை அதை நிறுவவில்லை, அவ்வளவுதான்.

திணிவு நிறமாலையில் 152.0706இல் ஓர் உச்சி. அந்த எண்ணைக் கொடுத்துத் தேடினால் பொருத்தமில்லாதவையே வருகின்றன.
— ஆய்வுகூட உதவியாளர், நல்லூர்

நேர் அயன் முறையில் எடுத்திருந்தால் உச்சி மூலக்கூறினுடையது அல்ல. ஒரு புரோத்தன் சேர்ந்த அயனுடையது. 1.0073ஐக் கழியுங்கள்: 151.0633. அதைத் தேட வேண்டியது 'எக்சாக்ற் மாஸ்' புலத்தில், 'மொலிகியூலர் வெயிற்' புலத்தில் அல்ல. பின்னது சமதானிகளின் சராசரி, பரசிற்றமோலுக்கு 151.16. ஐந்து பி.பி.எம். (பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு) எல்லை இங்கே ±0.0008, ஆகவே 151.0625 முதல் 151.0641 வரை கொடுங்கள். அப்போதும் ஒரு பட்டியல்தான் வரும். திராட்சை மணம் தரும் மெதைல் அந்திரனிலேற்றுக்கும் இதே சூத்திரம். துண்டு அயன்களைப் பார்க்காமல் பரசிற்றமோல் என்று எழுத முடியாது. 151.0633இல் எதுவும் பொருந்தாவிட்டால் சோடியம் ஒட்டியிருக்கலாம், 22.9892ஐக் கழித்துப் பாருங்கள்.

கெம்பிளில் ஒரே மருந்து, ஒரே நொதியம். ஐ.சீ.50 (நொதியத்தின் செயலைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) மட்டும் நூறு மடங்கு வேறுபடுகிறது. எதை எடுத்து எழுதுவது?
— விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

எடுப்பதற்கு முன் வடிகட்டுங்கள். முதலில் உயிரினம்: மனித நொதியமும் எலி நொதியமும் ஆட்டு நொதியமும் அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும். பிறகு சோதனை வகை: தனித்த புரதத்தில் செய்த 'பீ' வகையையும் உயிரணுவில் செய்த 'எப்' வகையையும் கலக்காதீர்கள். பிறகு சமன்பாட்டுக் குறி. 'இதைவிடப் பெரிது' என்ற குறியுள்ள 10,000 நனோமோலர் ஓர் அளவீடு அல்ல, சோதித்த உச்சச் செறிவிலும் பாதித் தடை கிடைக்கவில்லை என்ற செய்தி. அந்தக் குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுத்த ஆய்வேடுகளை நாங்கள் கண்டிருக்கிறோம்.

'பீகெம்பிள்' நிரல் ஒப்பிடுவதற்கு வசதி. அது மோலரில் உள்ள செறிவின் எதிர் மடக்கை: 1 மைக்குரோமோலர் என்றால் 6, 50 நனோமோலர் என்றால் 7.3. சமன் குறியுள்ள அளவீடுகளுக்கே அது தரப்படும் என்பதால் மேலே சொன்ன சிக்கலும் தானாக விலகும். 'டேற்றா வலிடிற்றி' நிரலில் ஏதாவது எழுதியிருந்தால் மூலக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். மைக்குரோ, நனோ மாறிப்போய் ஆயிரம் மடங்கு பிழையோடு பதிவானவை அங்கேதான் அகப்படும். ஒரு மில்லிலீற்றருக்கு 10 மைக்குரோகிராம் என்று இருந்தால் குர்குமினுக்கு அது 27.1 மைக்குரோமோலர். மூலிகைச் சாற்றுக்கு அப்படி மாற்ற வழியே இல்லை, சாற்றுக்கு ஏது மூலக்கூற்றுத் திணிவு?

400 மருந்துப் பெயர்களுக்குப் பைதன் நிரலால் சீ.ஐ.டி. எடுக்கிறேன். பாதியில் நின்றுவிடுகிறது.
— கோண்டாவில்

பப்கெம் ஒரு செக்கனுக்கு 5 கோரிக்கை, ஒரு நிமிடத்துக்கு 400 என்ற எல்லை வைத்திருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்குப் பின்னும் 0.25 செக்கன் நிறுத்துங்கள். பிழை எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 503 என்றால் சேவையகம் திணறுகிறது, சற்றுப் பொறுத்து அதே பெயரை மீண்டும் அனுப்பலாம். 404 என்றால் அந்தப் பெயர் அங்கே இல்லை, நூறு தரம் அனுப்பினாலும் வராது. 400 என்றால் கோரிக்கையே சிதைந்திருக்கிறது, பெயரில் சாய்கோடு இருக்கிறதா பாருங்கள். ஒரு பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சீ.ஐ.டி. வருவதும் உண்டு. முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் நிரல் சத்தமில்லாமல் தவறு செய்யும், எனவே எல்லாவற்றையும் சேமித்து, இரண்டு வந்தவற்றைக் கையால் பாருங்கள். ஒவ்வொரு விடையையும் வந்தவுடனேயே கோப்பில் எழுதிவிடுங்கள். 390ஆவது பெயரில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.